துத்தநாகக் கழுகு

ஜனவரி 7

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் மகளும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அவளிடம் கேட்டேன். "நீங்களே எழுதிக் கேளுங்க, தபால் ஆபீஸை இன்னும் மூடல" என்றாள். நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன். இரண்டு வருடங்களாக உங்கள் பக்கம் வராததற்குக் கோபம் காரணமில்லை. எடை அளவை ஆய்வாளர் வேலை உங்களுக்குத் தெரியும். இந்த இரண்டு வருடமும் கடைக்காரர்களின் தராசுகள் மிக மோசமாக நடந்துகொண்டன.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் நாணயச் சங்கத்தின் கண்காட்சி மார்ச் முதல் ஞாயிறு, நூலக மாடியில். இந்த முறை எனக்கு முழு மேசை ஒன்று கிடைத்திருக்கிறது. தலைப்பு 'போர்க்கால ஜெர்மனியின் சில்லறை'. சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். தங்கமும் வெள்ளியும் மட்டும் சேர்ப்பவர். பல்லில் வைக்க முடியாத எதுவும் நாணயம் இல்லை என்பது அவர் கொள்கை. என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இது என்ன சார், காயலான் கடையில கிலோ கணக்குல வாங்கினீங்களா?" என்றார். முதல் பரிசுக் கோப்பை ஒன்பது வருடமாக அவர் வீட்டில் இருக்கிறது. இந்த வருடம் அதை இடம் மாற்றுவதாக இருக்கிறேன்.

என் மேசையின் கதை எளிது. போருக்கு முன்னால் அந்த நாட்டில் வெள்ளி, நிக்கல், வெண்கலம் எல்லாம் கைக்குக் கை போயின. போர் வந்ததும் நல்ல உலோகமெல்லாம் பீரங்கிக்குப் போக, சில்லறை துத்தநாகத்துக்கு இறங்கியது. மேடையில் பேச்சு கனத்துக்கொண்டே போனது, சட்டைப் பையில் காசு இளைத்துக்கொண்டே வந்தது. வரிசையாக வைத்தால் யாரும் விளக்கவே வேண்டாம். அந்தக் காசுகளில் இருக்கும் கழுகையும் சுவஸ்திகாவையும் ஹாலில் வைக்க உங்கள் மகள் விடவில்லை. நானும் கேட்கவில்லை. நான் இவற்றைச் சேர்ப்பது கும்பிட அல்ல, எடை போட.

வரிசையின் நடுவில் ஒரு குழி காலியாக இருக்கிறது. ஜெர்மனி போரில் பிடித்த நாடுகளில் சிப்பாய்கள் செலவழிக்க என்று நடுவில் ஓட்டை போட்டு அடித்த காசு அங்கே இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால், கடைசியாக உங்கள் வீட்டுக்கு வரும் வழியில் ஒரு பழைய சாமான் கடையில், சாவிக் குவியலுக்குள் அது கிடைத்தது. காகிதக் கவரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். ஊர் திரும்பிப் பிரித்தால் உள்ளே ஒரு வாஷர். வெறும் இரும்பு வாஷர். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. காகிதக் கவர் தானாக எதையும் மாற்றி வைத்துக்கொள்ளாது என்று மட்டும்தான் அன்று போனில் சொன்னேன். அது குற்றச்சாட்டு இல்லை, பொருட்களின் இயல்பு.

அன்று மாலை யாரும் கேட்காமலே உங்கள் தையல் மெஷினைக் கழற்றி, எண்ணெய் விட்டு, அதன் 'டடக் டடக்' சத்தத்தை நிறுத்திக் கொடுத்தேன் என்பதையும் நினைவூட்டுகிறேன். நன்றியை எதிர்பார்த்து அல்ல.

வீட்டைச் சுத்தம் செய்யும்போது எங்காவது அகப்பட்டால் சொல்லுங்கள். எங்கள் சங்கத்தில் ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு வரலாற்று அட்டை வைக்க வேண்டும். எங்கே அடித்தது, யார் கையில் இருந்தது, எங்கெல்லாம் தங்கியது என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும். அட்டை இல்லாத நாணயம் வெறும் உலோகம் என்று போன வருடம் பேசினேன். கைதட்டினார்கள்.

மறுபடியும் சொல்கிறேன், இது குற்றச்சாட்டு அல்ல.

தங்கள் மாப்பிள்ளை


ஜனவரி 16

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். முழங்கால் வலிக்கிறது. கேட்டதற்கு நன்றி.

குற்றச்சாட்டு இல்லை என்று ஒரே கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு இடத்தில் எழுதியிருந்தால் நம்பியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் தலைமை நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மயக்கத்தில் வந்தவர்களின் மோதிரம், வாட்ச், ஒரு முறை தங்கப் பல் கூட என் அலமாரியில் தங்கியிருந்து அவரவர் கைக்குப் போயிருக்கிறது. கண் விழித்ததும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு நன்றி சொல்வார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அத்தனை பேரின் தங்கம் தப்பி, கடைசியில் தோற்றுப்போன ஒரு நாட்டின் ஓட்டைக் காசில் என் பெயர் போனது. அன்று கையில் மாவு, அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பொருட்களின் இயல்பைப் பற்றி நீங்கள் சொன்னதைப் பக்கத்து வீட்டம்மாவும் கேட்டார். அதற்குப் பிறகு இங்கே வரும்போதெல்லாம் அவர் கைப்பையை மடியிலேயே வைத்துக்கொள்கிறார்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் அந்த வாரம் முழுக்கத் தேடினேன். கட்டிலை நகர்த்தினேன், குப்பையைக் கிளறினேன், குளியலறைச் சாக்கடை மூடியைத் திறந்து கைவிட்டேன். எடுக்காதவள் எதற்குத் தேட வேண்டும்? உங்கள் பேச்சை விட அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மெஷின் நன்றாக ஓடுகிறது. உள்ளதைச் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து ஒரு சத்தம் இல்லை. தவறாமல் எண்ணெய் விடுகிறேன். பழைய ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கிறேன். மகள் தனியாக வந்து தனியாகப் போகிறாள். நீங்கள் உட்காரும் நாற்காலியில் தைக்காத துணி மூட்டை உட்கார்ந்திருக்கிறது. அது யாரையும் எதுவும் கேட்பதில்லை.

உங்களிடம் ஒரு கோரிக்கை. அந்த வாஷரை நீங்கள் சான்றுப்பொருள் என்று சீட்டு ஒட்டி ஆல்பத்தில் வைத்திருப்பதாக மகள் சொன்னாள். என் வீட்டிலிருந்து வந்த பொருள் என்று நீங்களே சொல்கிறபடியால் அது என்னுடையது. திருப்பி அனுப்பவும்.

அத்தை


பிப்ரவரி 3

அன்புள்ள அத்தைக்கு,

வாஷரைத் தனியே பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். முறைப்படி முத்திரையிட்டிருக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கு ஒரு வரி எழுதினால் போதும்.

இங்கே நிலைமை சரியில்லை. நாணயங்களைப் பல வருடம் பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தேன். முழு மேசை கிடைக்கும் என்று தெரிந்ததும், இந்தத் தரத்துக்கு டப்பா ஆகாது என்று தச்சரிடம் சொல்லிப் புது மரத்தில் ஒரு பெட்டி செய்தேன். உள்ளே நீல வெல்வெட், வெளியே இரண்டு கை பாலிஷ், பித்தளைப் பூட்டு. கண்காட்சிக்கு முன்னால் கை படக்கூடாது என்று எல்லாவற்றையும் அடுக்கிப் பூட்டினேன். போன வாரம் திறந்தேன். துத்தநாகக் காசு அத்தனையும் வெள்ளையாகப் பூத்திருக்கின்றன. தொட்டால் மாவு மாதிரி ஒட்டுகிறது. புது மரமும் பாலிஷும் விடும் மூச்சு துத்தநாகத்துக்கு ஆகாதாம். இதை விளக்கமாகச் சொல்லும் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அந்தப் பெட்டியின் கீழ்த்தட்டில்தான் வைத்திருந்தேன்.

"டப்பாவுல இருந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு" என்றாள் உங்கள் மகள். அவள் இதைச் சொன்ன தொனியைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

பல் டாக்டர் கண்காட்சி முன்னோட்டம் பார்க்க வீட்டுக்கு வந்தார். குனிந்து, கண்ணாடியை ஏற்றி, ஒவ்வொன்றாகப் பார்த்தார். "சொத்தை விழுந்திருக்கு சார். எல்லாத்தையும் பிடுங்கிடலாம்" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவரிடம் பல் பார்ப்பவர்கள், வேறு வழியில்லை.

இன்னொருவரும் வந்தார். இறுக்கமான சட்டை போட்ட இளைஞர். அந்தக் காலத்து ஆட்சியில்தான் ஒழுங்கு இருந்தது, அதனால் மொத்தத்தையும் தனக்கு விலைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றார். கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டப்போகிறாராம். பூத்திருந்தாலும் பரவாயில்லையாம். முடியாது என்றேன். ஆனால் உண்மையைச் சொன்னால், அவர் போன பிறகு மேசையே வேண்டாம் என்று சங்கத்துக்கு எழுதிவிடலாமா என்று யோசித்தேன். நடுவில் ஒரு குழி, சுற்றிலும் வெள்ளை மாவு. இதை எதற்கு நான்கு பேர் பார்க்க வேண்டும்?

வார்டில் எத்தனையோ பார்த்தவர் நீங்கள். இந்த மாதிரிப் பூத்ததற்கு ஏதாவது கைவைத்தியம் உண்டா?

தங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பதிவுத் தபால் வந்தது. அரக்கு முத்திரையைப் பார்த்துத் தபால்காரர் நகை என்று நினைத்து என்னிடம் இரண்டு கையெழுத்து வாங்கினார். பிரித்துக் காட்டினேன். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

வாஷரை மேசையில் வைத்துவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்து பார்க்கும்போது அதன் ஓரம் வெளிச்சத்தில் பட்டது. ஒரு பக்கம் மட்டும் ராவியிருக்கிறது. அந்த ராவல் எனக்குத் தெரியும். உங்கள் மாமனார் இருந்தபோது, தையல் மெஷினின் கைச்சக்கரத்துக்குப் பின்னால் போட ஒரு வாஷர் வாங்கி வந்தார். கொஞ்சம் பெரிதாகப் போயிற்று. வாசல் படியில் உட்கார்ந்து அரை நாள் அரம் வைத்துத் தேய்த்தார். அவர் செய்த ஒரே வீட்டு வேலை என்பதால் மறக்கவில்லை.

சரி, இது மெஷினுடைய வாஷர். மெஷினுடைய வாஷர் இரண்டு வருடமாக உங்கள் ஆல்பத்தில் இருந்திருக்கிறது. மெஷினோ இரண்டு வருடமாகச் சத்தமில்லாமல் ஓடுகிறது. அப்படியானால் சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது யார்?

டீயை ஆற விட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். சக்கரம் வர மறுத்தது. நானும் விடவில்லை. எண்ணெயைத் துணியால் துடைத்ததும் ஒரு கழுகு என்னைப் பார்த்தது.

அன்று நடந்தது எனக்கு இப்போது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு, நடுவில் அந்தக் காசையும் எடுத்து மேசையில் வைத்து ரசித்துக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் கழற்றிய வாஷர். வட்டம் இதுவும், வட்டம் அதுவும். ஓட்டை இதிலும், ஓட்டை அதிலும். ஒன்றை மெஷினில் போட்டீர்கள், ஒன்றைக் கவரில் போட்டீர்கள். தராசு முள் ஒரு மயிரிழை நகர்ந்தால் மளிகைக்காரருக்கு அபராதம் எழுதுகிற கை அது. இரும்பையும் துத்தநாகத்தையும் மாற்றிப் போட்டுவிட்டு, போன் செய்து எனக்குப் பொருட்களின் இயல்பைச் சொல்லிக் கொடுத்தது.

இன்னொரு செய்தி. அது பூக்கவில்லை. வெல்வெட் இல்லை, பூட்டு இல்லை, எண்ணெய் மட்டும். போட்ட அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. அதைத் தொடாமல் மறுபடி திருகி மூடிவிட்டேன். தபாலில் அனுப்பமாட்டேன். யார் போட்டாரோ அவர் வந்து எடுக்க வேண்டும். அதுவரை நான் தைக்கப்போவதில்லை. ஆஸ்பத்திரியில் தலையணைகள் உறையில்லாமல் கிடக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு நிபந்தனை. சங்க விதியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். யார் கையில் இருந்தது, எங்கெல்லாம் தங்கியது, ஒன்று விடாமல் எழுத வேண்டும் என்று. எழுதுங்கள். ஒன்று விடாமல்.

பூத்த காசுக்குக் கைவைத்தியம் கேட்டீர்கள். துடைக்காதீர்கள். வார்டில் புண்ணை வெள்ளைத் துணியால் மூடி டாக்டரிடம் நலம் என்று சொல்லமாட்டோம். இருக்கிறதை இருக்கிறது என்று எழுதி வைப்போம். மேசையை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அத்தை


பிப்ரவரி 16

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. நேரில் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்வது ஒரு ஆய்வாளருக்கு அழகல்ல. எனவே பார்வையிட வருகிறேன். சனிக்கிழமை காலை வண்டி.

உங்கள் கடிதத்தை உங்கள் மகள் சத்தமாகப் படித்தாள். பிறகு இன்னொரு முறை, ராகத்தோடு.

நாற்காலியில் இருக்கும் துணி மூட்டையை எடுக்க வேண்டாம். நான் நின்றுகொண்டே வேலை பார்த்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை


மார்ச் 5

அன்புள்ள அத்தைக்கு,

கோப்பை இடம் மாறிவிட்டது. இதை எழுதும்போது என் மேசையில், பேப்பர்கள் பறக்காமல் இருக்க, அவற்றின் மேல் நிற்கிறது.

அன்று நான் உங்கள் வீட்டில் சக்கரத்தைக் கழற்றிய நேரம் முழுக்க நீங்கள் டார்ச்சை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். காசை எடுத்துவிட்டு மாமனார் ராவிய வாஷரைப் போட்டேன். போடுவதற்கு முன் இரண்டையும் உங்களிடம் காட்டி, எது எது என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். வண்டியில் திரும்பும்போது கவரைப் பல முறை பிரித்துப் பார்த்தேன். எதிர் சீட்டுக்காரர் வேறு பெட்டிக்கு மாறிக்கொண்டார்.

கண்காட்சி அன்று பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். வெறும் கண்ணாடித் தட்டில் வரிசை போட்டேன். முதலில் மின்னும் வெள்ளி. அடுத்து நிக்கல், வெண்கலம். பிறகு துத்தநாகம், வருடம் ஏற ஏற வெள்ளைப் பொடியாக. அதற்கு 'சேகரித்தவர் செய்த பெட்டியால் கெட்டது' என்று அட்டை. நடுவில் எண்ணெய் மினுக்கோடு அந்தக் கழுகு. அதன் அட்டையை அப்படியே கீழே எழுதுகிறேன்.

'ஜெர்மனியின் பத்து ஃபெனிக் காசு. துத்தநாகம். போரில் பிடித்த நாடுகளில் சிப்பாய்கள் செலவழிக்க அடித்தது. அதன்பின் யார் கையில் இருந்தது என்று தெரியவில்லை. ஒரு பழைய சாமான் கடையில் சாவிகளோடு கிடந்தது. பிறகு இரண்டு வருடம் என் மாமியாரின் தையல் மெஷினில் வாஷராக இருந்து, ஆஸ்பத்திரித் தலையணை உறைகள் தைக்க உதவியது. யாருக்கும் கேடு இல்லாமல் இது பார்த்த வேலை என்று தெரிந்தது அது ஒன்றே. அங்கே தவறுதலாகப் போட்டவர் இந்த மேசைக்குச் சொந்தக்காரர். எடுத்ததாகப் பழி சுமந்தவர் மாமியார். இந்த மேசையில் கெடாமல் இருக்கும் ஒரே துத்தநாகக் காசு இது. காப்பாற்றியவரும் அவரே.'

பத்து மணிக்கு மேல் என் மேசைக்கு வரிசை நின்றது. தலைவரின் தங்கத்தைப் பார்க்க வந்தவர்கள், இங்கே என்ன கூட்டம் என்று இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். இறுக்கமான சட்டைக்காரரும் வந்தார். அட்டையைப் படித்துவிட்டு முகம் சுருங்கி, "அவ்வளவு பெரிய ஆட்சியோட காசு, போயும் போயும் வாஷரா சார்?" என்றார். "ஆமா தம்பி. அதுலதான் நல்லா உழைச்சுது" என்றேன். அவர் பிறகு எதையும் விலைக்குக் கேட்கவில்லை.

நடுவராக வந்தவர் ஒரு வரலாற்றுப் பேராசிரியை. அவரைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு கையில் வெள்ளியையும் ஒரு கையில் துத்தநாகத்தையும் வைத்தேன். இரண்டு கையையும் ஏற்றி இறக்கிப் பார்த்தார். "வெறும் தேதியா பாடம் நடத்தி இருபது வருஷம் வீணாப் போச்சே" என்றார்.

முதல் பரிசு பெற்ற மேசையிலிருந்து ஒரு அட்டையைத் தலைவர் மேடையில் வாசிக்க வேண்டும் என்பது சங்க வழக்கம். ஒன்பது வருடமாகத் தன் அட்டையைத் தானே வாசித்துப் பழகிய டாக்டர், இந்த முறை என்னுடையதைக் கையில் வாங்கினார். மாமியார் என்ற சொல் வந்ததும் குரல் இறங்கிவிட்டது. முதல் வரிசையில் அவருடைய மாமியார் உட்கார்ந்திருந்தார். "கொஞ்சம் சத்தமா படிங்க மாப்பிள்ளை" என்றார் அந்த அம்மா. டாக்டர் முதலிலிருந்து, சத்தமாக, கடைசி வரி வரை படித்தார். அந்தக் கைதட்டல் எனக்கானது இல்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் மகள் எழுந்து நின்று வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கோப்பையை எடை போட்டுப் பார்த்தேன், வழக்கம் விடவில்லை. பிறகு அடியில் லேசாகச் சுரண்டியும் பார்த்தேன். மேலே வெள்ளிப் பூச்சு, உள்ளே துத்தநாகம். ஒன்பது வருடம் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்த தலைவரிடம் இதைச் சொல்லவில்லை. அவருக்கு ஒரு நாளில் அவ்வளவு போதும்.

அட்டையின் மூலத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். காசு என்னிடம் இருக்கட்டும். அட்டை உங்களுடையது.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். அட்டை வந்தது. மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டம்மா நேற்று வந்தார். கண்ணாடி கொண்டு வரவில்லை, அப்புறம் படிக்கிறேன் என்றார். என் கண்ணாடியைக் கொடுத்தேன். படித்து முடித்ததும் கைப்பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். அங்கேயே மறந்துவிட்டும் போய்விட்டார். இன்று காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் திறந்து பார்க்கவில்லை.

டாக்டரின் மாமியாருக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.

ஒரு குறை இருக்கிறது. உங்கள் மாமனார் ராவிய வாஷரைப் போட்டதிலிருந்து மெஷின் பழையபடி 'டடக் டடக்' என்கிறது. தெருமுனை வரை கேட்கிறது. கழுகு இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. அவர் அன்று ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துவிட்டார் போலிருக்கிறது. அதற்கு நீங்கள் அட்டை எழுத வேண்டாம். அவர் பாவம்.

துணி மூட்டையை அலமாரிக்கு மாற்றிவிட்டேன். நாற்காலி காலியாக இருக்கிறது. அடுத்த வாரம் மகளோடு வந்து மெஷினைப் பாருங்கள். சட்டைப் பையைக் காலி செய்துவிட்டு வாருங்கள்.

உங்கள் அத்தை